24-க்கும் 26-க்கும் நடுவே நசுங்கிய மரை

அப்பா பால்மரம் வெட்டப் போய்வந்த ராலே சைக்கிள் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இன்னும் இருக்கிறது. போன மாதம் கிராங்க் (மிதிகட்டையைத் தாங்கும் கை) ஆட்டம் கண்டது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். கிராங்க் அச்சின் குண்டுகள் உட்காரும்படி பிரேமில் திருகும் கிண்ணம்தான் கப்; வலப்பக்கத்துக்குப் புதுக் கப் போட்டார்கள். இரண்டு சுற்று வழுக்கிக்கொண்டு போனது, பிறகு இறுகியது. கடைப் பையன் ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி அழுத்தினான். கழற்றிப் பார்த்தால் பிரேமின் மரையிலிருந்து, அதாவது திருகுப் புரியிலிருந்து, வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு சுருள் உரிந்து தொங்குகிறது.

இப்போது கிடைக்கும் சாதாரணக் கப்பில் அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்ஹாமில் செய்த பழைய ராலே பிரேம்களிலோ 26. விட்டம் 1.37 அங்குலம், 1.375 அங்குலம் என்று ஒட்டி ஒட்டி இருப்பதால் கப் நுழைந்துவிடும். ஆனால் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி முதலதில் 1.058 மி.மீ., இரண்டாவதில் 0.977. மரைக்கு மரை 0.08 மி.மீ. பிசகு. ஆறாவது மரையில் அது கிட்டத்தட்ட அரை மி.மீ. ஆகிவிடும்: பள்ளத்தில் உட்கார வேண்டிய முகடு இன்னொரு முகட்டின் மேல் ஏறி நிற்கும். அதற்கு மேலும் அழுத்தினால் ஏதாவது ஒன்று உரிந்துதானே ஆகும்?

இன்னொரு வம்பும் உண்டு. வலப்பக்கக் கப் இடமரை; கடிகார முள் போகிற பக்கம் திருப்பினால் கழலும். ஏன் இப்படி? மைலோ டின் மூடிக்குள் ஒரு 50 சென் காசை நிற்க வைக்காமல், படுக்க வைத்து, விளிம்பை ஒட்டி உருட்டிப் பாருங்கள். காசு மூடியை வலமாகச் சுற்றிவரும்போது தான் மட்டும் இடமாகச் சுழலும். மிதிக்கிற சுமை சுற்றிச் சுற்றி அழுத்துவதால் கப்பும் அதேபோல எதிர்ப்பக்கம் நகரப் பார்க்கிறது. இடமரை என்றால் அந்த நகர்வு இறுக்கும், வலமரை என்றால் கழற்றும். இரு பக்கமும் வலமரை வைத்த இத்தாலிய பிரேம்களில் வலக் கப் அடிக்கடி தளர்வது இதனால்தான்.

தோட்டத்து ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த மாமாவிடம் பிரேமைத் தூக்கிக்கொண்டு போனேன். "புதுசா வெட்டக் கூடாதுப்பா, பழைய தடத்தத் தேடணும்" என்றார். முதலில் மண்ணெண்ணெய், பிரஷ். பிரேமில் ஆகத் தாழ்வான இடம் கப் பொருந்தும் குழாய்தான் என்பதால் சீட் குழாய் வழியே இறங்கிய மழைநீரெல்லாம் அங்கேதான் தேங்கித் துருவாகியிருந்தது. பிறகு பழைய இரும்புக் கடையில் எப்போதோ பொறுக்கிய 26 மரைக் கப் ஒன்றை எடுத்து, அதன் மரைக்குக் குறுக்கே ஆக்சா பிளேடால் மூன்று வெட்டு வெட்டினார். அதுவே டேப், அதாவது மரை வெட்டும் கருவி ஆகிவிட்டது. எண்ணெய் விட்டு அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே; சீவல் அந்த வெட்டுகளில் விழுந்தது.

மரை அடியோடு போயிருந்தால், மரையே தேவைப்படாமல் ஆப்பு மாதிரி இறுகும் கார்ட்ரிட்ஜ் (அச்சும் குண்டுகளும் ஒன்றாய் அடைத்த உருளை) உண்டு. பற்றவைத்து மறுபடி மரை வெட்டுவதை நான் விரும்பமாட்டேன், சூட்டில் குழாய் கோணிவிடும்.

எங்களுக்கு வெளி ஓரத்தில் இரண்டு மரைதான் நஷ்டம். அப்பாவின் பழைய கப்பையே திரும்பப் போட்டோம். தேய்ந்திருந்தது அச்சும் குண்டுகளும்தான். மாமா கிரீஸ் தடவி, கப்பைக் கடைசிவரை விரலாலேயே ஏற்றிவிட்டு, அப்புறம்தான் ஸ்பேனரைக் கேட்டார்.