முட்டி வலிக்கு முதலில் ஒரு எக்ஸ்ரே

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துப் பையன் ஜாக் சோபியெக். 14 வயதில் எலும்புப் புற்றுநோய் வந்தது. இனி சிகிச்சைக்குக் கட்டுப்படாது என்று தெரிந்த பிறகு, 2012 டிசம்பரில் ‘கிளவுட்ஸ்’ என்ற பாட்டை வெளியிட்டான். கிட்டாரோடு துள்ளிக்கொண்டு போகும் மெட்டு. ஆனால் சொற்களைக் கவனித்தால், பிரியமானவர்களிடம் விடைபெறுகிறான் என்று புரியும். 2013 மே மாதம், 18 வயது நிறைந்த சில நாட்களில் இறந்துபோனான். இருக்கிற நாளை முழுசாக வாழ்ந்துவிட வேண்டும் என்பதை இவ்வளவு தெம்பாகச் சொன்ன பாட்டு எனக்குத் தெரிந்து குறைவு.

கேட்டவர்கள் எல்லாம் அவன் துணிச்சலைப் பேசுகிறார்கள். அவனுக்கு வந்த ஆஸ்டியோசார்கோமாவைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. வேலூரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் எனக்கு அதுதான் உறுத்துகிறது.

ஏனென்றால் இது பெரும்பாலும் 10 முதல் 20 வயதுக்குள், எலும்பு வேகமாக வளரும் பருவத்தில் வருவது. அதிகம் வரும் இடம் முட்டிக்குச் சற்று மேலே, அல்லது சற்றுக் கீழே. நம் பக்கத்துப் பையன்கள் அந்த வயதில்தான் கிரவுண்டே கதி என்று கிடக்கிறார்கள். கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் ராணுவத்துக்கு ஆள் எடுப்பதை நம்பி விடியற்காலையில் ஓடுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். முட்டி வலித்தால் ‘கபடியில் பட்டிருக்கும்’, ‘சுளுக்கு’ என்று காரணம் தயாராக இருக்கும். அப்புறம் எண்ணெய் போட்டுத் தேய்ப்பது, புத்தூர் கட்டு. பெரும்பாலான முட்டி வலி சாதாரண வலிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எக்ஸ்ரே எடுக்காமல் தேய்க்கவோ கட்டவோ கூடாது. உள்ளே கட்டி இருந்தால், கட்டுப் போட்டுக் காத்திருக்கும் வாரங்களில் அது வளர்ந்துகொண்டே இருக்கும்.

பாட்டிமார் சொல்லும் ‘வளர்ற வலி’ உண்மையிலேயே உண்டு. அது பொதுவாக 3 முதல் 12 வயதுக்குள், இரண்டு காலிலும் வரும். ராத்திரி அழுத பிள்ளை காலையில் ஓடியாடும். ஒரே காலில், ஒரே இடத்தில் வாரக்கணக்கில் வலித்தால் கணக்கு வேறு.

வீட்டிலேயே பார்க்கலாம். பையனைக் கட்டிலில் உட்காரவைத்து, இரண்டு காலையும் நீட்டச் சொல்லுங்கள். முட்டிக்கு மேலே இரண்டு பக்கமும் கை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாகப் புடைத்து, தொட்டால் சூடாக, தோல் பளபளத்து நரம்பு ஓடித் தெரிந்தால் மறுநாளே டாக்டரிடம் போங்கள். வீக்கம் இல்லாவிட்டாலும், அடிபட்ட வலி ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் எக்ஸ்ரே வேண்டும். அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம். அது சரியாக இருந்தும் வலி விடாவிட்டால் எம்ஆர்ஐ பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கட்டி என்று தெரிந்ததும் எங்கோ ஓரிடத்தில் அவசரமாகச் சதை எடுத்துப் பார்க்க விடாதீர்கள். எங்கே ஆபரேஷன் நடக்கப்போகிறதோ அங்கேயே அந்தப் பரிசோதனையும் நடப்பதுதான் நல்லது. தவறான இடத்தில் ஊசி போனால், காப்பாற்றக்கூடிய காலைக்கூட இழக்க நேரிடலாம்.

புற்றுநோய் என்றதும் காலை எடுத்துவிடுவார்கள் என்று பயந்து ஓடுகிறவர்கள் உண்டு. இப்போது முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன், மறுபடி கீமோ என்பதுதான் வழக்கம். பலருக்கு நோயுள்ள எலும்பை மட்டும் எடுத்து உலோக மூட்டு வைத்துவிடுகிறார்கள். பரவுவதற்கு முன் கண்டுபிடித்து முழு சிகிச்சையும் கிடைத்தால் 100 பேரில் 60 பேருக்கு மேல் 5 வருடம் தாண்டி வாழ்கிறார்கள். நுரையீரலுக்குப் போய்விட்டால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, கேளுங்கள்.

ஆள் எடுப்பு நெருங்கும் நேரத்தில் பையன்கள் வலியை மறைப்பார்கள். ‘வலிக்குதா?’ என்றால் ‘இல்லை சார்’ என்றுதான் பதில் வரும். அதனால் நான் ‘ராத்திரி தூக்கம் எப்படி தம்பி?’ என்றுதான் கேட்பேன். வலியில் முழிப்பு வருகிறது என்று சொன்னால், அன்றைக்குப் பயிற்சி கிடையாது. நேராக எக்ஸ்ரேவுக்கு அனுப்பிவிடுவேன்.