பேச்சுரிமைக்குக் கட்சி பார்க்கலாமா?

சமூக ஊடகப் பதிவுகளுக்காக வழக்கில் சிக்கியவர்கள் சார்பில் பல ஆண்டுகளாக வாதாடி வருகிறேன். ஒருமுறை ஆளுங்கட்சித் தொண்டர் ஒருவருக்கு முன்ஜாமீன் பெற்றுத் தந்தபோது கைகளைப் பற்றி நன்றி சொன்ன அவருடைய அண்ணன், சில மாதங்கள் கழித்து அதே சட்டப்பிரிவில் கைதான எதிர்க்கட்சி இளைஞருக்காக நான் வக்காலத்து தாக்கல் செய்ததும், "இவனுக்கெல்லாமா போய் நிற்பது, சார்?" என்று மனம் நொந்தார். அவருடைய தம்பிக்காக நான் எடுத்துக்காட்டிய முன்தீர்ப்புகள், அவர் கட்சிக்குத் தொடர்பே இல்லாதவர்கள் போராடிப் பெற்றவை என்பது அவருக்குத் தெரியாது.

1950 மே 26 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய இடதுசாரி இதழான 'கிராஸ் ரோட்ஸ்' சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று அன்றைய சென்னை அரசு தடை விதித்திருந்தது. ஆர்.எஸ்.எஸ். சார்புடைய 'ஆர்கனைசர்' இதழோ, பாகிஸ்தான் குறித்த செய்திகளையும் கருத்துகளையும் அச்சிடும் முன்பே தணிக்கைக்கு அனுப்ப வேண்டும் என்று டெல்லியில் ஆணையிடப்பட்டிருந்தது. இரண்டு ஆணைகளும் ஒரே நாளில் ரத்தாயின. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, இடதுசாரி இதழுக்குச் சொன்ன காரணத்தையே மற்றதற்கும் பொருத்தினார். அடுத்த ஆண்டே முதலாவது அரசியலமைப்புத் திருத்தம், பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் 'பொது ஒழுங்கை'யும் சேர்த்தது; அந்த வாசல் வழியாக எல்லாக் கட்சி ஆட்சிகளும் நுழைந்திருக்கின்றன.

இணையத்தில் பிறரைப் புண்படுத்தும் பதிவுகளைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவும் அப்படித்தான் பயன்பட்டது. 2012இல் மட்டும் மேற்கு வங்கத்தில் கேலிச்சித்திரத்தைப் பகிர்ந்த பேராசிரியர்மீதும், மகாராஷ்டிரத்தில் முழு அடைப்பைக் கேள்வி கேட்ட பெண்கள்மீதும் அது பாய்ந்தது. 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் அது ரத்தானபோது, ஒரு கருத்தை விவாதிப்பதும் ஆதரிப்பதும் வேறு, குற்றத்துக்குத் தூண்டுவது வேறு என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது.

இன்று, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196 (பிரிவினரிடையே பகையை வளர்த்தல்), 353 (பொதுக் குழப்பத்தைத் தூண்டும் பேச்சு) ஆகிய பிரிவுகளில்தான் பெரும்பாலும் புகார்கள் வருகின்றன. இவற்றுக்கான தண்டனை ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்டது என்பதால், காவல்துறை பொதுவாக முதலில் நேரில் வரச்சொல்லி அறிவிப்பாணை தர வேண்டும். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இதைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு.

புகார் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருவோரிடம், எதிராளியின் கட்சிப் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு அந்தப் பதிவை மறுபடி படிக்கச் சொல்கிறேன். வன்முறைக்குத் தூண்டும் சொல் அதில் இருந்தால் புகாரை நானே எழுதித் தருவேன்; மனம் நோகிறது என்பது மட்டுமே குறை என்றால், நீங்களும் பதில் எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.