வெளியே 2 ஆம்பியர் என்றால் உள்ளேயும் 2 ஆம்பியர் அல்ல

மூன்று முறை மாஸ்ஃபெட் (சுற்றின் மின்னணு ஸ்விட்ச்) மாற்றப்பட்ட பின்னர் ஒரு பலகை சென்ற வாரம் என் மேசைக்கு வந்தது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மைனஸ் 12 வோல்ட்டை 2 ஆம்பியர் வரை தரவேண்டிய பக்-பூஸ்ட் கன்வெர்ட்டர் அது; உள்ளீட்டைவிடக் குறைந்த அல்லது கூடிய மின்னழுத்தத்தை, இங்கே எதிர்க்குறியில், தரும் சுற்று. முதலில் 10 ஆம்பியர் மாஸ்ஃபெட், பிறகு 20, கடைசியாக 50 ஆம்பியர் தாங்கக்கூடியது, மூன்றும் கருகிவிட்டன. அரை அங்குலம் தள்ளி நிறம் மாறிக் கிடந்த இண்டக்டரை (ஆற்றலைச் சேமித்துத் தரும் கம்பிச் சுருளை) ஒருவரும் சந்தேகிக்கவில்லை. இதே பழுதை இதே வரிசையில் பலமுறை பார்த்துச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

"வெளியீடு 2 ஆம்பியர்தானே, 3 ஆம்பியர் இண்டக்டர் தாராளமாகப் போதும்" என்று சொல்கிறார்கள். போதாது. மின்னழுத்தத்தைக் குறைக்க மட்டும் செய்யும் சாதாரண பக் கன்வெர்ட்டரில் இண்டக்டரின் சராசரி மின்னோட்டமும் வெளியீட்டு மின்னோட்டமும் ஒன்றே. அங்கே பழகிய கை இங்கேயும் அதே கணக்கைப் போடுகிறது. பக்-பூஸ்ட்டில் ஸ்விட்ச் மூடி அதன் வழியே மின்னோட்டம் பாயும்போது வெளியீட்டுக்கு இண்டக்டரிலிருந்து எதுவும் போவதில்லை. ஸ்விட்ச் திறந்திருக்கும் மிச்ச நேரத்துக்குள் முழுச் சுழற்சிக்கும் வேண்டியதை இண்டக்டர் கொடுத்து முடிக்க வேண்டும். எனவே வெளியீட்டு மின்னோட்டத்தை, ஒன்றிலிருந்து டியூட்டியை, அதாவது ஒரு சுழற்சியில் ஸ்விட்ச் மூடியிருக்கும் பங்கை, கழித்து வரும் எண்ணால் வகுத்தால் கிடைப்பதே இண்டக்டரின் சராசரி மின்னோட்டம்.

மேற்சொன்ன பலகையையே எடுத்துக்கொள்வோம். பேட்டரி 9 வோல்ட்டுக்கு இறங்கும்போது டியூட்டி என்பது 12-ஐ 21-ஆல் வகுத்தது, அதாவது ஏறத்தாழ 0.57. மிச்சம் 0.43. 2 ஆம்பியரை அதனால் வகுத்தால் 4.7 ஆம்பியர். 200 கிலோஹெர்ட்ஸில் 22 மைக்ரோஹென்றி இண்டக்டர் என்றால் ரிப்பிள் (மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம்) சுமார் 1.2 ஆம்பியர், அதில் பாதியைச் சேர்த்தால் உச்சம் 5.3-ஐத் தொடும், இழப்புகளையும் கணக்கில் கொண்டால் 6 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வதே நியாயம். அங்கே இருந்ததோ 3 ஆம்பியரில் சாச்சுரேஷன் அடையும், அதாவது உள்ளகம் காந்தத்தால் நிறைந்து இண்டக்டன்ஸ் சரியும், இண்டக்டர். 22 மைக்ரோஹென்றி என்ற எண் மட்டும் சரியாக இருந்தது.

கரண்ட் புரோபை மாட்டி 9 வோல்ட்டில் வைத்துச் சுமையை மெல்ல ஏற்றினேன். 1 ஆம்பியர் சுமையில் அலைவடிவம் அளவுகோல் வைத்து வரைந்த முக்கோணம்போல் இருந்தது. 1.5 ஆம்பியரை நெருங்கியதும் ஏறுகோட்டின் நுனி கொக்கிபோல மேலே வளையத் தொடங்கியது. அந்த வளைவில் இண்டக்டர் இண்டக்டராக இல்லை, வெறும் கம்பிதான். பேட்டரியின் மின்னோட்டம் தடுப்பார் இல்லாமல் மாஸ்ஃபெட் வழியே பாய்கிறது. பெரிய மாஸ்ஃபெட் போடுவதால் இது தீராது. அதன் கேட் மின்னூட்டம் (ஸ்விட்சைத் திறந்து மூட ஏற்றி இறக்க வேண்டிய மின்னூட்டம்) அதிகம் என்பதால் ஸ்விட்ச் மெதுவாகத் திறந்து மூடி, அதை இயக்கும் டிரைவரையும் சேர்த்துச் சூடாக்கும். இண்டக்டரின் ஃபெரைட் உள்ளகங்கள் சூடேறினால் இன்னும் சீக்கிரம் சாச்சுரேஷனுக்குப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம். இண்டக்டரின் தரவுத்தாளில் சாச்சுரேஷனுக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று என இரண்டு மின்னோட்டங்கள் இருக்கும். விற்பனைப் பட்டியலில் பெரும்பாலும் பெரிய எண்தான் கண்ணில் படும். இரண்டையும் பாருங்கள்.

இதே கவனக்குறைவு கெபாசிட்டரிலும் நடக்கிறது. மேற்கண்ட நிலையில் வெளியீட்டுக் கெபாசிட்டர் சுமக்கும் ரிப்பிள் மின்னோட்டம் சுமார் 2.3 ஆம்பியர், அதாவது சுமை எடுப்பதைவிட அதிகம். மைக்ரோஃபாரடை மட்டும் பார்த்துப் போட்ட ஒற்றை எலெக்ட்ரோலிட்டிக் உள்ளுக்குள் வெந்துபோய்ச் சில மாதங்களில் உப்பிவிடும். செராமிக் போடுகிறவர்கள், மின்னழுத்தம் ஏறும்போது அதன் கொள்ளளவு பாதிக்கும் கீழே போகக்கூடும் என்பதைப் பார்த்துப் போட வேண்டும்.

ஸ்விட்சும் டையோடும் தாங்க வேண்டியது உள்ளீட்டு, வெளியீட்டு மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகை. சார்ஜ் ஏறும் பேட்டரி 14.4 வோல்ட் என்றால் 26.4 வோல்ட், ஸ்விட்ச் திறக்கும் கணத்துக் கூர்முனைகள் அதற்கு மேல். 30 வோல்ட் மாஸ்ஃபெட் போட்டுவிட்டு வியக்காதீர்கள். 60 வோல்ட் போடுங்கள்.

இன்னொரு பழுது சோதனை மேசையில் தெரியவே தெரியாது. 13 வோல்ட் கொடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். களத்தில் பேட்டரி இறங்கியதும் பலகை கீச்சிடும். உச்ச மின்னோட்டக் கட்டுப்பாட்டில் (இண்டக்டர் மின்னோட்டம் ஓர் உச்சத்தைத் தொட்டதும் ஸ்விட்சைத் திறக்கும் முறையில்) இயங்கும் சுற்றுகளில் டியூட்டி 0.5-ஐத் தாண்டினால் ஸ்லோப் காம்பென்சேஷன், அதாவது கட்டுப்பாட்டுச் சிக்னலில் சேர்க்கும் ஒரு சரிவு, வேண்டும். அது குறைவாக இருந்தால் ஒரு துடிப்பு அகலமாகவும் அடுத்தது ஒடுக்கமாகவும் மாறி மாறி வருவதை ஆசிலோஸ்கோப்பில் பார்க்கலாம். இதைக் கண்டவுடன் வெளியீட்டில் கெபாசிட்டரைக் கூட்டுவது வீண் வேலை. வெளியீட்டைச் சீராக வைக்கும் கட்டுப்பாட்டு லூப்பை வேகமாக்கும் ஆசையும் வேண்டாம்: இந்தச் சுற்றின் வலப்பக்க ஜீரோ (லூப்பின் வேகத்துக்கு வரம்பு போடும் அதிர்வெண்) 9 வோல்ட்டில் ஏறத்தாழ 14 கிலோஹெர்ட்ஸில் அமர்கிறது, கிராஸ்ஓவரை (லூப் பெருக்கம் ஒன்றாகக் குறையும் அதிர்வெண்ணை) அதில் மூன்றிலொரு பங்குக்குக் கீழேயே வைக்க வேண்டும். எனவே குறைந்தபட்ச உள்ளீடும் முழுச் சுமையும் சேர்ந்த நிலையில் சோதிக்காத பக்-பூஸ்ட்டைச் சோதித்ததாகவே நான் கருதுவதில்லை.

வெளியீட்டின் குறியை மாற்றாத நான்கு ஸ்விட்ச் பக்-பூஸ்ட் வகையில் கணக்கு சற்று இளகும். அதே நிலையில் இண்டக்டருக்குச் சுமார் 2.7 ஆம்பியர்தான். ஆகவே எந்த வகை என்று தெரியாமல் ஒன்றின் இண்டக்டரை மற்றொன்றில் போடாதீர்கள்.

பழுது பார்க்கும்போது முதலில் மின்சாரம் கொடுக்காமல் மாஸ்ஃபெட்டும் டையோடும் ஷார்ட்டா என்று பாருங்கள். பிறகு மின்னோட்ட வரம்பு வைத்த சப்ளையில், சுமையில்லாமல், தொடங்குங்கள். தொடரில் பல்பு மாட்டிச் சுமையேற்றிச் சோதிக்கும் பழைய வழக்கம் இங்கே குழப்பும்: உள்ளீடு சரியச் சரிய இந்தச் சுற்று அதிக மின்னோட்டம் இழுக்கும், பல்பு மேலும் சரிக்கும், நல்ல பலகையும் எழ முடியாமல் தத்தளிக்கும். நீளமான மெல்லிய கம்பிகளும் அதையே செய்யும். பக் ஐசியை மைனஸ் வெளியீட்டுக்குத் திருப்பிய சுற்றுகளில் ஐசியின் கிரவுண்ட் கால் மைனஸ் 12-ல் இருக்கிறது. உள்ளீட்டுக் கிரவுண்ட் எர்த்தோடு சேர்ந்திருக்கும் மேசையில் ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை அங்கே மாட்டினால் வெளியீட்டையே ஷார்ட் செய்கிறீர்கள். எர்த்தைச் சாராமல் இரு புள்ளிகளுக்கிடையே அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் இல்லையென்றால் அந்த இடத்தைத் தொடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். பலகையை அனுப்பும்போது கழற்றிய பழைய பாகங்களையும், குறிப்பாக இண்டக்டரை, ஓர் உறையில் போட்டு அனுப்புங்கள். இந்தப் பலகையில் முதலில் இருந்த இண்டக்டரை யாரோ எப்போதோ எறிந்துவிட்டிருந்தார்கள். அதன் மேலிருந்த குறியீடு கிடைத்திருந்தால் இந்த விசாரணை முழுவதும் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.