எண்ணூர்க் கடலில் உங்கள் படகு எங்கள் ராடாரில் எப்படித் தெரிகிறது?

“அவ்வளவு பெரிய கப்பல், உச்சியில் ராடார் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எங்கள் படகு மட்டும் எப்படித் தம்பி தெரியாமல் போகும்?” காசிமேட்டில் அடிக்கடி என் காதில் விழும் கேள்வி இது. கேட்பவர்கள் கோபமாகத்தான் கேட்கிறார்கள். வலையைக் கப்பலுக்குப் பறிகொடுத்தவரிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? நான் சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருப்பவன், வீடு திருவொற்றியூரில். உள்ளபடி சொல்கிறேன்: பல நேரங்களில் உங்கள் படகு தெரிவதில்லை. தெரிந்தாலும், அது எந்தப் பக்கம் போகிறது என்பது உடனே தெரிவதில்லை. இந்த இரண்டாவது சங்கதிதான் அதிக ஆபத்தானது. கரையில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ராடார் அனுப்பும் ரேடியோ அலை படகில் பட்டு நாலாபக்கமும் சிதறும். அதில் கப்பலை நோக்கித் திரும்பும் சொற்பப் பங்குதான் திரையில் புள்ளியாகிறது. போய்வந்த நேரத்தை வைத்துத் தூரம், ஆன்டெனா பார்த்த கோணத்தை வைத்துத் திசை. ஆறு கடல் மைல் தள்ளி நிற்கும் படகிலிருந்து அலை திரும்பிவர, ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் 74 கூறு போதும். இவ்வளவு வேகமான கருவிக்குப் படகின் போக்கைச் சொல்ல மட்டும் ஏன் நிமிடக் கணக்கில் நேரம் பிடிக்கிறது?

அலை ஊசிபோல் மெலிதாகப் போவதில்லை. அதன் அகலம் ஏறக்குறைய ஒரு டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஆறு மைலில் அது 190 மீட்டருக்கு மேல் விரிந்துவிடும். ஒன்பது மீட்டர் படகு திரையில் 190 மீட்டர் கீற்றாகத் தெரியும். ஆன்டெனா ஒரு சுற்றுச் சுற்ற இரண்டரை விநாடி. மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் போகும் படகு அதற்குள் எட்டு மீட்டர்கூட நகர்ந்திருக்காது. 190 மீட்டர் கீற்றுக்குள் எட்டு மீட்டர் நகர்வை எந்தக் கண்ணாலும் பிடிக்க முடியாது. அதனால் கணினி பல சுற்றுகளின் புள்ளிகளைச் சேர்த்துவைத்துத்தான் வேகத்தையும் திசையையும் கணிக்கிறது. சர்வதேச விதிப்படி ஒரு நிமிடத்தில் தோராயமான போக்கும், மூன்று நிமிடத்தில் நம்பத்தக்க கணிப்பும் வர வேண்டும். மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் அந்த மூன்று நிமிடத்தில் கிட்டத்தட்ட 1.4 கிலோமீட்டர் வந்துவிடும். இடையில் நீங்கள் வலையைப் பார்க்கப் படகைத் திருப்பினால், திரையில் உள்ள அம்புக்குறி சற்று நேரம் பழைய திசையையே காட்டிக்கொண்டிருக்கும்.

எண்ணூருக்கு வெளியே இரவில் இதைவிடச் சிக்கலான காட்சியைப் பார்க்கலாம். ஒரு படகு எங்களை நோக்கி வருகிறது. கணினி அதற்கு எண் கொடுத்துப் பின்தொடர்கிறது. அந்தப் படகு, வலை போட்டு நிற்கும் இன்னொரு படகை ஒட்டிக் கடக்கும்போது இரண்டு புள்ளிகளும் ஒன்றாகின்றன. பிரியும்போது எண் நிற்கிற படகின்மேல் தொற்றிக்கொள்கிறது. திரையில் வேகம் குறைந்துகொண்டே போகும். ‘படகு நின்றுவிட்டது’ என்று இளம் அதிகாரி நிம்மதி அடைவார். உண்மையில் வந்துகொண்டிருக்கும் படகுக்கு இப்போது எண்ணே இல்லை. இளையவர்களிடம் நான் சொல்வது, பைனாகுலரை எடுத்துக்கொண்டு வெளியே போ என்பதுதான்.

1956 ஜூலை 25 இரவு அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அருகே ஆன்ட்ரியா டோரியா, ஸ்டாக்ஹோம் என்ற இரண்டு பயணிகள் கப்பல்கள் மோதி 51 பேர் இறந்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று ராடாரில் முன்பே பார்த்திருந்தன. போதாத ராடார் தகவலை வைத்து எதையும் அனுமானிக்கக் கூடாது என்று கடல் விதியே இன்று சொல்கிறது. 2017 ஜனவரி 28 அன்று எரிவாயுக் கப்பலும் எண்ணெய்க் கப்பலும் மோதியது நம் எண்ணூருக்கு வெளியேதான். கரையில் எண்ணெயை வாளியில் அள்ளியதை நாம் மறக்கவில்லை. இரும்பாலான பெரிய கப்பல்களுக்கே இந்தக் கதி.

ஃபைபர் படகின் நிலைமை இன்னும் மோசம். ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் ஊடுருவுவதுபோல ரேடியோ அலை ஃபைபரில் பெருமளவு ஊடுருவிப் போய்விடும். திரும்பி வருவது இன்ஜினிலும் இரும்புச் சாமான்களிலும் பட்டதுதான். வாடைக் காற்றில் கடல் எழும்பும்போது அலைமுகடுகளும் புள்ளிபுள்ளியாகத் திரையை நிறைக்கின்றன. அதைக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. எரிச்சலில் அதை முழுக்கத் திருப்பிவிடுகிற அதிகாரிகள் இருக்கிறார்கள். திரை துப்புரவாகிவிடும், உங்கள் படகும் சேர்ந்து காணாமல் போகும். இது எங்கள் தரப்புக் குற்றம், மறைக்க ஒன்றுமில்லை.

உங்கள் தரப்பில் செய்யக்கூடியது ராடார் பிரதிபலிப்பான். ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்திய மூன்று உலோகத் தகடுகள்தான் அதன் அடிப்படை. உள்ளே நுழையும் அலை மூன்றிலும் பட்டு, வந்த வழியே திரும்பும். தகட்டின் பக்க அளவை இரட்டிப்பாக்கினால் எதிரொலி 16 மடங்காகும். ஆகவே சிறியதாக நான்கு மாட்டுவதைவிடப் பெரியதாக ஒன்று மேல். ஆனால் கோணம் சில டிகிரி பிசகினாலே பலன் வெகுவாகக் குறையும். மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகில் தகடு நெளிந்து, வலைக்கு அடியில் கிடந்ததைப் பார்த்தேன். கேட்டால், “இருக்கிறதே தம்பி, சோதனைக்கு வந்தால் காட்டுவோம்” என்றார் உரிமையாளர். இன்னொரு படகில் எவர்சில்வர் குடத்தைக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். வளைந்த பரப்பு அலையை நாலாபக்கமும் சிதறடிக்கும். கப்பலுக்குத் திரும்புவது கொஞ்சம்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகைப் பழுது பார்க்கும்போதே வெல்டிங் பட்டறையில் இதையும் செய்துவிடலாம். மூலைமட்டம் வைத்துப் பார்த்துத் தகடுகளைப் பொருத்துங்கள். எட்டு மூலைகள் கொண்ட வகையாக இருந்தால், ஒரு மூலையில் மழைநீர் தேங்கும்படி மேல்நோக்கி இருக்கட்டும். கம்பத்தில் எவ்வளவு உயரத்தில் கட்ட முடியுமோ அவ்வளவு உயரத்தில், ஆடாமல் கட்டுங்கள்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்காதீர்கள். கப்பல் நெருங்கும்போது அதன் மூக்குக்குக் குறுக்கே ஓடிக் கடக்கப் பார்க்காதீர்கள். முழுவேகத்தில் வரும் பெரிய கப்பல் இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டினாலும் நிற்பதற்குள் தன் நீளத்தைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு தூரம் வந்துவிடலாம். வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் 16-ஆம் சேனலில் கூப்பிடுங்கள். “கப்பல், கப்பல், வலை இருக்கிறது” என்று மட்டும் சொன்னால் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி மூன்று துறைமுகங்களுக்கும் காத்திருக்கும் அத்தனை கப்பல்களுக்கும் அது கேட்கும், யாருக்கும் புரியாது. ஜி.பி.எஸ். காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எண்கள் மட்டும் போதும். திரையில் அந்த இடத்தில் தேடி உங்கள் புள்ளியைப் பிடித்துவிடுவோம்.