ஹைபாக்சியா: கடைமடைக்கு எட்டாத உயிர்வளி

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காகச் சித்தியைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் வந்துகொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2 என்று வந்தது. "கட்டிக்குள்ள எப்படியும் ஹைபாக்சியா இருக்கும். ரத்தம் ஏத்திட்டு ரேடியேஷன் ஆரம்பிப்போம்" என்றார் மருத்துவர். ஹைபாக்சியா என்றால் ஆக்சிஜன் குறைவு என்று சித்தியிடம் சொன்னேன். சித்தி ஆக்சிமீட்டர் மாட்டியிருந்த விரலைத் தூக்கிக் காட்டினாள். "இது 98-ன்னுதான காட்டுது. பொறவு என்னத்துக்குய்யா கொறைவுன்னு சொல்லுதாவ?"

கேள்வி சரியான கேள்வி. நான் சொன்ன தமிழ்தான் போதவில்லை.

ஹைபாக்சியா கிரேக்க வேர்களில் இருந்து கட்டிய சொல். 'ஹைபோ' என்றால் கீழ், குறைவு. 'ஆக்ஸ்' என்பது ஆக்சிஜனைக் குறிக்கிறது. ஆனால் கிரேக்கத்தில் 'ஆக்சிஸ்' என்றால் கூர்மை, புளிப்பு. பிரான்சின் லவாசியே, எல்லா அமிலங்களுக்கும் இந்த வாயுதான் காரணம் என்று நம்பி, 'புளிப்பை உண்டாக்குவது' என்ற பொருளில் ஆக்சிஜன் என்று பெயர் வைத்தார். அது தவறு என்று பின்னால் தெரிந்தது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆக, ஹைபாக்சியாவை வேரோடு பெயர்த்தால் 'குறைபுளிப்பு' என்று வரும். உண்மையிலோ ஆக்சிஜன் குறைந்த கட்டிக்குள் அமிலம் கூடத்தான் செய்கிறது. இந்தச் சொல்லை வேர் பார்த்து மொழிபெயர்க்கவே கூடாது.

தமிழில் பிராணவாயு என்றோம், உயிர்வளி என்றோம், பாடநூலில் ஆக்சிஜன் என்கிறோம். ஈழத்தில் ஒட்சிசன். எனக்கு உயிர்வளி பிடிக்கும். வளி பழைய சொல். குறளின் மருந்து அதிகாரத்தில் 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்று வருகிற இடத்தில் அது வாதத்தைக் குறிக்கிறது. காற்று, உடம்புக்குள் ஓடும் காற்று என்ற இரண்டு பொருளும் அதில் உண்டு.

சரி, எந்தக் குறைவு என்பதுதான் விஷயம். மூச்சுத்திணறல் என்று சிலர் எழுதுகிறார்கள். அது நோயாளி உணரும் அவதி, வேறு சொல். 'ஆக்சிஜன் பற்றாக்குறை' என்றால் 2021-க்குப் பிறகு எல்லோருக்கும் சிலிண்டர்தான் ஞாபகம் வருகிறது. ரத்தத்திலேயே ஆக்சிஜன் குறைந்தால் அது ஹைபாக்சீமியா, குருதி உயிர்வளிக்குறை. அறவே இல்லாவிட்டால் அனாக்சியா, உயிர்வளியின்மை. திசுவுக்குப் போய்ச் சேர்வது குறைந்தால்தான் ஹைபாக்சியா. அதைத் திசு உயிர்வளிக்குறை என்றும், புற்றுநோய் பற்றிப் பேசும்போது கட்டி உயிர்வளிக்குறை என்றும் சொல்வேன். எங்கே குறை என்று சொல்லிலேயே தெரிந்துவிடும்.

சித்திக்கு இதைச் சொல்ல எனக்குக் கிடைத்த சொல் கடைமடை, கால்வாயின் கடைசியில் பாசனம் பெறுகிற இடம். பாபநாசம் அணையில் 100 அடிக்குமேல் தண்ணீர் நிற்கும். கன்னடியன் கால்வாய் தலைமடையில் கரை தொட்டு ஓடும். அப்படியும் கார் பருவத்தில் கடைமடை வயல் வெடித்துக் கிடப்பதை அவள் எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறாள். விரலில் காட்டுகிற 98 தலைமடைக் கணக்கு. ரத்தக் குழாயை விட்டு வெளியே வந்த ஆக்சிஜன் திசுவுக்குள் 100 முதல் 200 மைக்ரான் தூரம்தான் போகும். அதிகம் போனால் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. கட்டி வளர்கிற வேகத்துக்குக் குழாய்கள் வளராது. தள்ளி இருக்கிற உயிரணுக்கள் கடைமடை ஆகிவிடும். போதாததற்கு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் லாரியான ஹீமோகுளோபின் வேறு குறைவு. இருக்கிற லாரி அத்தனையும் முழு லோடு ஏற்றித்தான் வருகிறது, அதனால்தான் 98. லாரிகள்தான் கம்மி.

தண்ணீர் வராவிட்டால் பயிர் காய்ந்துவிடும். புற்றணுக்களில் நடு மையத்தில் உள்ளவை அப்படிச் செத்துப்போவதுண்டு. ஆனால் சாகாமல் மிஞ்சுகிறவை மாறிக்கொள்கின்றன. பயப்பட வேண்டியது இவற்றுக்குத்தான்.

உயிரணு ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதத்தை ஓயாமல் செய்துகொண்டே இருக்கும், செய்த கையோடு அழித்துக்கொண்டும் இருக்கும். அழிக்கத்தான் ஆக்சிஜன் வேண்டும். ஒரு நொதி ஆக்சிஜனைக் கொண்டு அந்தப் புரதத்தில் அடையாளம் இடும். விஹெச்எல் என்ற இன்னொரு புரதம் அந்த அடையாளத்தைப் பிடித்துக் கழிவுக்கு அனுப்பிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் விழாது. ஹிஃப் சேர்ந்து, உட்கருவுக்குள் போய், கூட்டாளிப் புரதத்தோடு டிஎன்ஏவில் தனக்குரிய எழுத்துவரிசை உள்ள இடங்களில் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்து மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். ஒன்று புது ரத்தக் குழாய்களை வரவழைக்கும். அவையும் அவசரத்தில் வெட்டிய வாய்க்கால் மாதிரி கோணலாக, கசிவோடு இருக்கும். இன்னொன்று சர்க்கரையை அள்ளி உள்ளே இழுக்கும். ஆக்சிஜன் இல்லாமலே அதை எரிக்க வழி செய்வது மற்றொன்று, மிச்சமாகும் அமிலம் வெளியே கொட்டும். இடம்பெயர்ந்து வேறு உறுப்புக்குப் போகிற குணமும் இந்த வழியில் கூடுகிறது. டிஎன்ஏவைச் சுற்றியுள்ள மெத்தில் என்ற வேதி அடையாளங்களை நீக்கும் சில நொதிகளுக்கும் ஆக்சிஜன் தேவை. அவை முடங்கினால், திறந்திருக்க வேண்டிய மரபணுக்கள் மூடியே கிடக்கும்.

உயிரணு ஆக்சிஜன் அளவை உணரும் இந்த வழியைக் கண்டறிந்ததற்காக கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஹிஃப் (ஹைபாக்சியா இண்டியூசிபிள் ஃபேக்டர்) என்பதைச் சிலர் 'உயிர்வளிக்குறை தூண்டும் காரணி' என்று எழுதக்கூடும். படிக்கிறவருக்கு, குறையை உண்டாக்குவதே இதுதான் என்று படும். 'உயிர்வளிக்குறையால் தூண்டப்படும் காரணி' என்பதே சரி. ஒரு வேற்றுமை உருபும் செயப்பாட்டு வினையும் விட்டுப்போனால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன.

அப்புறம் ரேடியேஷன். கதிர் உண்டாக்கும் சேதத்தை நிலைக்கச் செய்வது ஆக்சிஜன். அது இல்லாத உயிரணுவை அழிக்க இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை கதிர் தேவைப்படும். இதை 1950-களில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் லூயிஸ் ஹெரால்டு கிரே. கட்டியின் நடுப்பகுதி ஏன் சாகிறது என்று தாம்லின்சனோடு சேர்ந்து 1955-இல் எழுதியவரும் அவர்தான். சித்தியின் சிகிச்சை அட்டையில் '50 கிரே' என்று இருந்ததே, கதிரின் அளவைச் சொல்லும் அந்த அலகு அவர் பெயர்தான்.

அன்று சாயங்காலம் சித்தியின் நோட்டில் 'கட்டி உயிர்வளிக்குறை, ரத்தம் 2 பாட்டில்' என்று குறித்து வைத்தேன். "கடைமடைன்னு எழுது, எனக்கு அதான் வெளங்குது" என்றாள். அதையும் எழுதினேன். ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டியதும், அடுத்த திங்கட்கிழமை கதிர்வீச்சைத் தொடங்கினார்கள்.