வில்லங்கம் பார்த்தீர்கள், மண்ணைப் பார்த்தீர்களா?

மனை வாங்கியவர்கள் மண்ணைச் சோதிக்க என்னிடம் வரும்போது ஒரு தடித்த கோப்பும் கூடவே வரும். தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்துரை எல்லாம் அதில் இருக்கும். ‘அ’ பதிவேட்டு நகல் இருந்தாலும், அதில் ‘மண் வயனமும் ரகமும்’ என்றொரு கலம் இருப்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தீர்வை விதிப்பதற்காக என்றோ குறித்த எண் அது. அதை நம்பி அஸ்திவாரம் போட முடியாது. ஆனால் அதே வரிசையில் நன்செய் என்றும், பாசன ஆதாரமாக ஒரு கண்மாயின் பெயரும் இருந்தால் நிமிர்ந்து உட்காருவேன். வருடா வருடம் தண்ணீர் கட்டிய வயல். கீழே களிமண் இருக்கலாம்.

மதுரை மாவட்டத்தில் திருமங்கலம், பேரையூர், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல், மேலூர்ப் பக்கம் பெரும்பாலும் செம்மண், வைகைக் கரையோரம் மணலும் வண்டலும். இதெல்லாம் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். ஆனால் ஒரே லேஅவுட்டின் இந்த மூலையில் சுக்கான் கல்லும் அந்த மூலையில் களியும் கிடப்பது தோண்டினால்தான் தெரியும்.

திருமங்கலத்துக்கு அருகே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மனைக்குப் போயிருந்தேன். “செம்மண் பூமிதானே தம்பி, நாலடி வானம் போதாதா?” என்றார். வானம் என்றால் அஸ்திவாரக் குழி. கடப்பாரை போட்டுப் பார்த்தோம். ஒன்றரை அடி வரை சிவப்பு. அதற்குக் கீழே கன்னங்கரேலென்று கரிசல். மனை விற்பதற்காகக் கிராவல் கொட்டிச் சமன்படுத்தியிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடிய விரிசல் சித்திரையில் விரியும், கார்த்திகையில் மூடிக்கொள்ளும். அந்த வீட்டுக்காரர் கொத்தனாரைத் திட்டிக்கொண்டிருந்தார். பாவம், கொத்தனார் என்ன செய்வார்?

கரிசலில் உள்ள களி ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். மண்ணெண்ணெயில் உப்பாது. சோதனையும் இதை வைத்துத்தான். நன்றாகச் சலித்த காய்ந்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவுக் குடுவைகளில் போட்டு, ஒன்றில் காய்ச்சி வடித்த நீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி 24 மணி நேரம் விடுவோம். தண்ணீரில் படிந்த மண் மற்றதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் சாதாரண அஸ்திவாரத்தை யோசிக்கக்கூட மாட்டேன். ஆசிரியரின் மண் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்காகவே உருவாக்கிய, அடியில் குமிழ் போல அகன்ற பைல் முறையைச் சொன்னேன். பைல் என்பது தரைக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண். குமிழின் அகலம் தண்டைப் போல இரண்டரை மடங்கு. ஆழம் சுமார் 3.5 மீட்டர். கோடையோ மழையோ, அந்த ஆழத்தில் ஈரம் அதிகம் மாறாது.

இன்னொன்று: சிலர் வேளாண்மைத் துறை தரும் மண்வள அட்டையை என்னிடம் நீட்டுவார்கள். அது பயிருக்கானது. தழைச்சத்து எவ்வளவு என்று சொல்லும், சுவரைத் தாங்குமா என்று சொல்லாது.

வீட்டுக்குச் செலவழிப்பவர்கள் செப்டிக் டேங்கில் கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். அடி திறந்த நான்கு சிமெண்ட் உறைகளை இறக்கிவிட்டு அதற்கு டேங்க் என்று பெயர் வைப்பார்கள். களியில் அது ஐப்பசி மழைக்கு நிரம்பிக் கழிப்பறை வழியே திரும்பி வரும். டேங்கிலிருந்து வரும் நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சு குழி வரப்போகும் ஆழத்தில் சிறு குழி எடுத்து, முதல் நாள் இரவே நீர் நிரப்பி ஊறவிடுங்கள். மறுநாள் 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். முப்பதுக்குள் என்றால் உறிஞ்சு குழி போதும். அறுபது வரை என்றால் அந்த நீரைப் பரப்பி விடும் கால்வாய் வேண்டும். அதற்கும் மேல் என்றால் மண்ணை நம்பாதீர்கள். ஊறவைக்காமல் கோடையில் கரிசலில் பார்த்தால் வெடிப்புகள் மடமடவென்று குடித்து ஏமாற்றிவிடும்.

மேலூர்ப் பக்கம் இதற்கு நேர்மாறு. பாறை மேலாக இருக்கும் இடங்களில் கழிவுநீர் சட்டென்று மறைவதைப் பார்த்து மகிழ்கிறார்கள். பாறை இடுக்கு வழியாக அது போர்வெல்லுக்குப் போகலாம். குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. மூன்று சென்ட் மனையின் நீளமே பெரும்பாலும் அவ்வளவு இராது. பக்கத்து வீட்டு போர்வெல்லையும் சேர்த்து அளந்துவிட்டு இடம் குறியுங்கள்.

தோட்டத்துக்கு ஒன்றே ஒன்று. வானம் பறிக்கும்போது மேலே கிடைக்கும் ஓரடி மண்ணைத் தனியே குவித்து வையுங்கள். கட்டட இடிபாட்டின் மேல் நட்ட மல்லிகை, நரம்பு பச்சையாக இருக்க இலை மட்டும் மஞ்சளாகும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியாது.

ஆசிரியர் பைல் போட்டுத்தான் வீடு கட்டினார். காம்பவுண்டுச் சுவரை மட்டும், “அதற்கு எதற்குத் தம்பி?” என்று சொல்லி, இரண்டடி வானத்தில் தாமே ஆள் வைத்து எழுப்பிக்கொண்டார். வீடு அசையவில்லை. சுவரின் விரிசலைப் படமெடுத்துச் சித்திரைதோறும் எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்.