வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? காவலில் இருப்பவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர்

வீட்டில் ஒருவரைப் போலீஸ் கூட்டிப் போய்விட்டால் பல குடும்பங்கள் முதலில் செய்வது தாலியையோ தோட்டையோ அடகு வைப்பதுதான். அதுவும் இல்லையென்றால் கந்துவட்டிக்கு வாங்குவார்கள். கடன் வாங்கப் போகும் முன் அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. போலீஸ் காவலிலோ சிறையிலோ இருக்கும் எவருக்கும் அரசு செலவில் வழக்கறிஞர் உண்டு. அவர் என்ன சம்பாதிக்கிறார், எவ்வளவு சொத்து வைத்திருக்கிறார் என்று பார்ப்பதே இல்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆம் பிரிவில் இதை உரிமையாக எழுதி வைத்திருக்கிறது. ஏழைக்கு மட்டும்தான் இலவச வக்கீல், தாசில்தாரிடம் வருமானச் சான்று வாங்கினால்தான் கொடுப்பார்கள் என்று நினைத்து ஒதுங்கிப் போகிறவர்கள் இன்னும் ஏராளமாக இருக்கிறார்கள். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அதே பிரிவில் வருமானக் கணக்கு இல்லாத வேறு சிலரும் வருகிறார்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், ஆள்கடத்தலுக்கு ஆளானவர்கள், வெள்ளம், சாதி வன்கொடுமை போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். இவர்கள் காவலில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், உச்ச நீதிமன்ற வழக்கு என்றால் 5 லட்சத்துக்குள். வருமானத்தைக் காட்ட ஒரு உறுதிமொழிப் பத்திரமே போதும் என்கிறது 13-ஆம் பிரிவு. அதை நம்பாமல் இருக்கக் காரணம் இருந்தால்தான் மேற்கொண்டு கேட்பார்கள்.

சரி, இந்த வக்கீல் எப்போது வர வேண்டும்? விசாரணை தொடங்கி, சாட்சிகள் கூண்டில் ஏறும்போதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், கைதானவரை மாஜிஸ்திரேட் முன் கொண்டு நிறுத்தும் முதல் தடவையே வக்கீல் இருக்க வேண்டும். ரிமாண்ட் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பெரும்பாலும் மாலை மங்கிய பிறகு, சில நாள் மாஜிஸ்திரேட்டின் வீட்டிலேயே நடக்கும். போலீஸ் ஒரு காகிதக் கட்டை நீட்டும். 'அடித்தார்களா? ஏதாவது சொல்ல வேண்டுமா?' என்ற கேள்விக்கு, பின்னால் நிற்கும் போலீஸ்காரரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே அந்த ஆள் தலையாட்டுவார். பதினைந்து நாள் ரிமாண்ட், வேன் கிளம்பிவிடும். கைது செய்ததற்கான காரணத்தைச் சொன்னார்களா, 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்தினார்களா, உடம்பில் காயம் இருக்கிறதா என்று கேட்க ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டியது அந்தச் சில நிமிடங்களில்தான்.

உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. பீகார் பாகல்பூரில் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய கொடுமை தொடர்பான 1981-ஆம் ஆண்டு வழக்கில், 'உனக்கு இலவச வக்கீல் உண்டு' என்று கைதியிடம் சொல்ல வேண்டியது மாஜிஸ்திரேட்டின் கடமை என்றது. கேட்டால்தான் தருவோம் என்று சொல்ல முடியாது. 1986-இல் சுக் தாஸ் வழக்கு வந்தது. அருணாச்சலப் பிரதேசத்தில் ஒருவர் வக்கீல் இல்லாமலே விசாரிக்கப்பட்டு இரண்டு ஆண்டு தண்டனை பெற்றிருந்தார். இலவச வக்கீல் கிடைக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்தத் தண்டனையையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டம் தெரியாதவன்தானே கேட்காமல் இருப்பான், அதையே காரணமாகக் காட்டி உரிமையை மறுத்தால் அந்த உரிமைக்கு என்ன பொருள்? என் பார்வையில் இந்தத் துறையில் வந்த தீர்ப்புகளில் மிக நேர்மையானது இதுதான்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 341-ஆம் பிரிவும் ஒரு படி முன்னே போயிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் செஷன்ஸ் விசாரணைக்குத்தான் அரசு செலவில் வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்று இருந்தது. இப்போது எந்த நீதிமன்றமாக இருந்தாலும், வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு விசாரணையிலும் மேல்முறையீட்டிலும் வக்கீல் நியமிக்க வேண்டும்.

யாரைப் போய்ப் பார்ப்பது?

ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. முதன்மை மாவட்ட நீதிபதி அதன் தலைவர். அன்றாட வேலையைப் பார்ப்பவர் நீதிபதி நிலையில் உள்ள செயலாளர். தாலுகா அளவில் வட்ட சட்டப் பணிகள் குழு உண்டு. வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் மனுதான். எழுதத் தெரியாவிட்டால் அங்கே இருக்கும் சட்டத் தன்னார்வலர் எழுதித் தருவார். போக முடியாதவர்கள் 15100 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். சிறைக்குள்ளேயும் சட்ட உதவி மையம் இருக்கிறது, கைதி அங்கேயே மனு கொடுக்கலாம். போகும்போது கைதானவரின் பெயர், அப்பா பெயர், எந்தக் காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண், என்ன பிரிவு, எந்தச் சிறை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போங்கள். எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. காவல் நிலையமும் தேதியும் தெரிந்தால் அவர்கள் தேடி எடுத்துவிடுவார்கள்.

முன்பெல்லாம் பட்டியலில் உள்ள தனியார் வக்கீல் ஒருவரை வழக்குக்கு வழக்கு நியமிப்பார்கள். கட்டணம் சொற்பம், அதுவும் எப்போதோ வரும். தன் சொந்தக் கட்சிக்காரர்களை விட்டுவிட்டு இந்த வழக்குக்கு அவர் ஓடி வர வேண்டும். வாய்தாவுக்கு ஜூனியர் வந்து 'டைம் வேண்டும்' என்று சொல்லிவிட்டுப் போவதும் உண்டு. இலவச வக்கீல் என்றாலே மட்டம் என்ற பேச்சு இப்படித்தான் பரவியது, அதில் நியாயமும் இருந்தது. 2022-இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த திட்டம் இதைத்தான் மாற்றப் பார்க்கிறது. கோர்ட்டில் இதை எல்.ஏ.டி.சி. (லீகல் எய்ட் டிஃபென்ஸ் கவுன்சில்) என்பார்கள். தலைமை வழக்கறிஞர், துணை வழக்கறிஞர்கள், உதவி வழக்கறிஞர்கள் என ஒரு முழுநேர அலுவலகம். மாதச் சம்பளம் போல மதிப்பூதியம் உண்டு, வெளியே வேறு வழக்கு எடுக்கக் கூடாது. தலைமைப் பொறுப்புக்குக் குற்றவியல் வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும், துணைப் பொறுப்புக்கு 7 ஆண்டு. அரசுத் தரப்புக்கு அரசு வழக்கறிஞர் அலுவலகம் இருப்பது போல, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் ஒரு அலுவலகம் என்பதுதான் யோசனை. 2023-24 முதல் 2025-26 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசு இதற்கு 998.43 கோடி ரூபாய் ஒதுக்கியது. அரசுப் பணம் தேசிய, மாநில, மாவட்ட சட்ட உதவி நிதிகள் வழியாக வருகிறது. நீதிமன்றக் கட்டணம், நகல் எடுக்கும் செலவு போன்றவையும் இந்த நிதியின் பொறுப்பே.

ஆகவே நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. 'டைப்பிங் செலவுக்கு', 'பெஞ்ச் கிளார்க்குக்கு' என்று கேட்டால் கொடுக்காதீர்கள், செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். வக்கீல் வரவே இல்லை, போனை எடுக்கவில்லை என்றாலும் வேறு வக்கீல் கேட்டு மனு போடலாம். இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள்

2022 டிசம்பர் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அதாவது நூற்றுக்கு 75 பேருக்கு மேல். இவர்கள் விஷயத்தில் வக்கீல் தேதியை எண்ணத் தெரிந்தவராக இருக்க வேண்டும். 60 நாளுக்குள், பத்து ஆண்டோ அதற்கு மேலோ சிறை, ஆயுள், மரண தண்டனை வரும் குற்றங்களில் 90 நாளுக்குள், போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் மறுநாள் காலையில் போலீஸ் குற்றப்பத்திரிகையோடு வருவதற்குள் மனு போட்டிருக்க வேண்டும். கஞ்சா வழக்கு போன்ற சில தனிச் சட்டங்களில் கணக்கு வேறு. அப்புறம், இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 479-ஆம் பிரிவு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேல் வழக்கு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் சிக்கல் தீராது. இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் இரத்த உறவு என்று நிபந்தனை இருக்கும். வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர் இரத்த உறவுக்கு எங்கே போவார்? 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பரிசீலிக்கலாம். பணம்தான் தடை என்றால் ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. கலெக்டர், எஸ்.பி., சிறைக் கண்காணிப்பாளர், ஆணைக்குழுச் செயலாளர், ஒரு நீதிபதி அடங்கிய மாவட்டக் குழு முடிவெடுக்கும். 2023-இல் வந்த வழிகாட்டுதலில் ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரை, தண்டனை பெற்றவரின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். ஊழல், சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்பு, போதைப்பொருள், உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) வழக்குகளுக்கு இது கிடையாது. கைதியின் வீட்டார் செயலாளரிடம் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பது நல்லது. தானாக நடக்கட்டும் என்று காத்திருந்தால் நாட்கள் ஓடிவிடும்.

தண்டனை ஆகிவிட்டாலும் உதவி நிற்காது. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் உடனே இலவசமாகத் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கு சென்னையிலும் மதுரைக் கிளையிலும் உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழுக்கள் இருக்கின்றன. மனுவைச் சிறையிலிருந்தே அனுப்பலாம். அவர் இன்னும் காவலில்தான் இருக்கிறார் என்பதால் இங்கேயும் வருமானச் சான்று கேட்கக் கூடாது.